வரைய உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பொழுதுபோக்காக வரைகிறவர்களிடம் எங்கே தடைபடுகிறது என்று கேட்டால், "கற்பனை வரவில்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த இரண்டு சொற்களுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. தொடங்க முடியாமல் தவிப்பது வேறு. தொடங்கியதெல்லாம் ஒரே முகமாக வந்து நிற்பது வேறு. தாளில் துள்ளிய கோடு திரைக்கு வந்ததும் சோர்ந்து போவது முற்றிலும் வேறு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குத் தீங்காகவும் முடியும்: தலைப்பில்லாமல் திண்டாடுகிறவருக்குத் தலைப்புப் பட்டியல் கைகொடுக்கும், ஏற்கெனவே நூறு தலைப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு திணறுகிறவருக்கோ அதே பட்டியல் மேலும் ஒரு சுமையாகும். ஆகவே உங்கள் அறிகுறி எது என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்குரிய பகுதியை மட்டும் படித்துச் செய்து பாருங்கள்.

இங்கே சொல்லப்படுவதெல்லாம் விளையாட்டாக வரைவதற்கு உரியவை. உடலமைப்பு, தொலைவுக்காட்சி (பெர்ஸ்பெக்டிவ்) போன்றவற்றை முறையாகக் கற்பதற்கு வேறு பயிற்சிகள் உண்டு. அவற்றை இதனோடு கலந்தால் இரண்டுமே கெடும்.

முதற்சோதனை

பயன்படுத்திய தாள் ஒன்றின் பின்புறத்தில், கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து விநாடிகள் பேனாவை எடுக்காமல் சிக்கலான ஒரு கோடு இழுங்கள். பிறகு தாளை நான்கு திசைகளிலும் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் பத்து விநாடிகள் பாருங்கள். ஏதேனும் ஒரு திசையிலாவது பறவையோ மூக்கோ மலையோ தெரிந்தால், கற்பனையில் குறை எதுவும் இல்லை, தொடங்கும் முறையில்தான் குறை என்று பொருள். முதலாவது அறிகுறிக்குச் செல்லுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் அதே பகுதிதான், ஏனெனில் மெல்லிய கோடு சிலருக்குப் போதிய தீனி தருவதில்லை, அவர்களுக்குக் கறை வேண்டும். பல உருவங்கள் தெரிந்து எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றால் இரண்டாவது அறிகுறி. நான்கு திசையிலும் நீங்கள் வழக்கமாக வரையும் அதே முகமே தெரிந்தால் மூன்றாவது. கோட்டை இழுத்தவுடனேயே அது அசிங்கமாக இருக்கிறதென்று மறுபடி இழுக்கத் தோன்றியிருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக ஐந்தாவதைப் படியுங்கள்.

அறிகுறி 1: வெற்றுப் பரப்பைப் பார்த்தபடியே நேரம் கழிகிறது

காரணம் வரிசை மாறிப்போனதுதான். முதலில் எண்ணம், பிறகு கோடு என்ற வரிசை, தேவை தெளிவாக இருக்கும் வேலைக்குப் பொருந்தும். விளையாட்டாக வரையும்போது முதலில் தடம், பிறகு எண்ணம் என்பதே இயல்பான ஓட்டம். மேகத்தில் முகத்தையும் மரப்பட்டையில் விலங்கையும் காண்பது மனிதக் கண்ணுக்கு இயற்கையாகவே அமைந்த பழக்கம். பாரெய்டோலியா என்று அதற்குப் பெயரும் இட்டிருக்கிறார்கள். வெற்றுத் திரையில் அந்தப் பழக்கம் பற்றிக்கொள்ளக் கொம்பில்லாத கொடியாகக் கிடக்கிறது. நாம் செய்ய வேண்டியது கொம்பு நடுவது மட்டுமே.

இது பழைய உத்தி. ஈரக்கறை படிந்த சுவர்களையும் பல நிறக் கற்களையும் உற்றுப் பார்த்தால் அவற்றில் மலைகளும் ஆறுகளும் போர்க்களங்களும் வினோத முகங்களும் தெரியும் என்று லியோனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். மணியோசையில் நாம் நினைக்கும் எந்தப் பெயரையும் கேட்க முடிவதைப் போன்றது அது என்றும் அவரே ஒப்பிடுகிறார். அதை ஒரு முறையாகவே வகுத்தவர் ஆங்கிலேய ஓவியர் அலெக்சாண்டர் கோசன்ஸ். 1785-இல் வெளியான அவருடைய நூல், தூரிகையால் மையை வேகமாக அப்பிக் கறைகளை உண்டாக்கி, அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, கறைக்குள் ஒளிந்திருக்கும் நிலக்காட்சியை வெளியே எடுக்கச் சொல்கிறது. கீழே கறை, மேலே தெளிந்த கோடு என்ற அந்த அமைப்பு இன்றைய வரைசெயலிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைய உதவும் லேயர் (அடுக்கு) அமைப்பேதான். டிஜிட்டலில் வரைகிறவருக்கு இந்த முறை இவ்வளவு எளிதாகக் கைவருவதற்கும் அதுவே காரணம்.

செய்முறை இது. பெரிய, ஓரம் ஒழுங்கற்ற பிரஷ் ஒன்றைத் தேர்ந்து, நடுத்தரச் சாம்பல் நிறத்தில், எதையும் எண்ணாமல் ஏழெட்டு வீச்சுகளில் ஒரு திட்டை உண்டாக்குங்கள். அழிப்பானாலும் இரண்டு மூன்று இடங்களில் கொத்திவிடுங்கள். கறைக்குள் விழும் ஓட்டைகள் வெளி விளிம்பைவிட அதிகமாகப் பேசும். அந்த லேயரின் ஒபாசிட்டியை (நிற அடர்த்தியை) முப்பது விழுக்காட்டளவுக்குக் குறைத்து, மேலே புது லேயர் சேர்த்து, கேன்வாஸை (வரையும் பரப்பை) நான்கு திசையிலும் சுழற்றிப் பாருங்கள். தாளில் செய்வதானால் நீர் கலந்த மையையோ பென்சில் தூளையோ விரலால் தேய்த்தாலே போதும்.

உருவம் பாதி தெரிந்து பாதி நழுவுகிறது என்றால் கண் ஒன்றை வைத்துப் பாருங்கள். நான் அறிந்த தீர்வுகளிலேயே மிக விரைவாகப் பலன் தருவது இது. கறையின் எந்த மூலையில் புள்ளி வைக்கிறோமோ அது தலையாகிவிடுகிறது. மீதி தானாகவே வயிறும் வாலுமாக அணிவகுக்கிறது. கண்ணைத் தனி லேயரில் வைத்து, அதை மட்டும் பிடித்துக் கறையெங்கும் இழுத்துக்கொண்டு போனால், ஒரே கறை குனிந்து மேயும் விலங்காகவும், அண்ணாந்து பார்க்கும் பறவையாகவும், பின்னால் திரும்பிச் சந்தேகத்தோடு நோக்கும் கிழவராகவும் மாறி மாறித் தோன்றும். எந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வருகிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேடினால் முதலில் வந்த சிரிப்பும் போய்விடும்.

சமச்சீர்க் கருவியை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இடப்பக்கம் இழுப்பது வலப்பக்கமும் விழும்போது முதல் நான்கைந்து கறைகள் மிக அழகாக அமையும், ஆனால் விரைவிலேயே எல்லாம் முகமூடியாகவும் வண்டாகவும் மட்டுமே தெரியத் தொடங்கும். கோணல்தான் கதை தருகிறது.

அறிகுறி 2: தலைப்புகள் நிறைய உண்டு, எதையும் தொடங்க மனம் வரவில்லை

முன்னதற்கு நேர் எதிரானது இது. தேர்வுகள் மிகுந்துவிட்டன, எதை எடுத்தாலும் விட்டுவிட்டது நன்றாயிருக்குமோ என்ற ஐயம் கையைப் பிடிக்கிறது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உங்களிடமிருந்து எடுத்துப் பகடையிடம் கொடுத்துவிடுவதே தீர்வு.

ஆறு வரிகள் கொண்ட மூன்று பட்டியல்கள் எழுதிக்கொள்ளுங்கள்: யார், என்ன செய்கிறார், எந்த நிலையில். முதலாவதில் நத்தை, மேகம், பழைய நாற்காலி என்றும், இரண்டாவதில் தும்முதல், ஒளிந்துகொள்ளுதல், கடிதம் எழுதுதல் என்றும், மூன்றாவதில் படிக்கட்டில், தலைகீழாக, அவசரத்தில் என்றும் நிரப்பலாம். மூன்று முறை பகடை உருட்டினால் 216 சேர்க்கைகளில் ஒன்று வந்து விழும்.

இந்த முறை பலருக்குத் தோற்றுப்போவதற்குக் காரணம் பட்டியலில் பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்குவது. "நத்தை, நாற்காலி" என்று வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிட்டு எழுந்துவிடுவோம். வினைச்சொல் வந்தால்தான் படத்துக்குள் ஒரு நிகழ்ச்சி நுழைகிறது. நத்தை படிக்கட்டில் தும்முகிறது என்றால் உடனே கேள்விகள் எழுகின்றன: தும்மிய வேகத்தில் ஓடு கழன்று பறக்குமா? எத்தனை படி உருளும்? கீழ்ப்படியில் நிற்கும் இன்னொரு நத்தை என்ன நினைக்கும்? இக்கேள்விகளுக்கு முழு அக்கறையோடு விடை தேடுவதே விளையாட்டு. "அழகான", "மர்மமான" போன்ற அடைமொழிகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்; அவற்றைப் பார்த்து எந்தக் கோட்டை இழுப்பது என்று கைக்குத் தெரியாது.

ஒரு நிபந்தனை: விழுந்த சேர்க்கையை மாற்றக்கூடாது. பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டத் தொடங்கினால், விரட்டிய ஐயம் பின்வாசல் வழியாகத் திரும்பிவிடும். வேண்டுமானால் மூன்று நிமிட வரம்பு வைத்து வரைந்து முடித்துவிட்டு அடுத்ததை உருட்டலாம்.

அறிகுறி 3: எதை வரைந்தாலும் அதே முகம், அதே கோணம்

ஒரே பக்கம் திரும்பிய முக்கால் முகம், தோளுக்குக் கீழே எதுவும் இல்லை, கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால். இது உங்கள் படங்களின் வருணனையானால், கை தனக்கு நன்கு தெரிந்த பாதையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய தலைப்பு இங்கே உதவாது. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் கை அதை அதே முகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாதையைத்தான் அடைக்க வேண்டும்.

எளிய அடைப்பு, தாளைப் பார்க்காமல் வரைவது. பொருளின் விளிம்பில் கண் எறும்பைப் போல மெதுவாக ஊர, அதே வேகத்தில் பென்சில் தாளில் ஊர வேண்டும், ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலெய்ட்ஸின் நூல் 1941-இல் வெளிவந்தபோது அதன் தொடக்கத்திலேயே இடம்பெற்ற பயிற்சி இது. அவர் உற்றுநோக்கலைக் கற்பிப்பதற்காக வைத்தார். நாம் விபத்துகளை அறுவடை செய்வதற்காகவும் அதைப் பயன்படுத்தலாம். மூக்குக்கு வெளியே விழுந்த கண், கன்னத்தைக் கடந்துபோன உதடு ஆகியவற்றைத் திருத்தாமல், அப்படிப்பட்ட முகம் உடையவர் யார், அவர் எப்படி நடப்பார் என்று கேட்டு உடலைச் சேர்த்து வரையுங்கள்.

இன்னொரு வழி, வடிவத்தை முன்னதாகவே கட்டளையாக வைப்பது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1812-இல் வெளியிட்ட வரைகையேட்டில் விலங்குகளையும் மனிதர்களையும் வட்டமாகவும் சதுரமாகவும் பிரித்துக் காட்டினார். அதை நாம் தலைகீழாக்கலாம்: முதலில் மூன்று வடிவங்களை, ஒன்று மிகப் பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று மிகச் சிறியது என்று ஒன்றையொன்று தொடும்படி போட்டுவிட்டு, எது தலை என்பதைப் பிறகு முடிவு செய்யுங்கள். பெரிய வடிவத்தைத் தலையாக்கும் பழக்கம் உள்ளவர்கள் சிறியதைத் தலையாக்கிப் பார்க்க வேண்டும். இடக்கையால் வரைவதும் ஓரளவு உதவும், ஆனால் அதன் புதுமை சில நாளில் தீர்ந்துவிடும்.

அறிகுறி 4: சுற்றிலும் இருப்பவை எல்லாம் சலிப்பான பொருள்கள்

கத்தரிக்கோல், சாவிக்கொத்து, காய்ந்த இலை, கசங்கிய துணி. இவற்றில் வரைய என்ன இருக்கிறது என்று தோன்றினால், பொருளை அதன் பயனோடு சேர்த்தே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பயனை மறந்து உருவத்தை மட்டும் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். 1942-இல் பிக்காசோ ஒரு சைக்கிள் இருக்கையையும் அதன் கைப்பிடியையும் இணைத்துக் காளையின் தலையை உருவாக்கினார். அவ்விரு பொருள்களிலும் அவர் எதையும் செதுக்கவில்லை. இருக்கையின் முகவாயையும் கைப்பிடியின் கொம்பையும் கண்டுகொண்டது மட்டுமே அவர் செய்தது.

வரைபலகையோ கைப்பேசியோ இருப்பவருக்கு இதற்கான வழி மிக நேரானது. பொருளை வெற்றுப் பின்னணியில் வைத்து மேலிருந்து படமெடுத்து, அந்தப் படத்தைக் கீழ் லேயராக வைத்து, மேலே கை, கால், காது, குடை என்று வேண்டியதைச் சேர்த்து வரையுங்கள். பொருளின் மீது கோடு போடாமல் அதைச் சுற்றி மட்டும் வரைவது என்று விதி வைத்துக்கொண்டால் விளைவு இன்னும் சிறக்கும். படத்தைச் சாய்த்தும் கவிழ்த்தும் பார்க்க மறக்கக்கூடாது: நிமிர்ந்திருக்கும் கத்தரிக்கோல் கத்தரிக்கோலாகவே நிற்கும், கவிழ்த்தால் இரண்டு பெரிய கண்களும் நீண்ட அலகும் உடைய பறவையாகிவிடும். நிழலையும் விட்டுவிடாதீர்கள். சாய்ந்த ஒளியில் ஒரு சாதாரணக் குவளையின் நிழல் அந்தக் குவளைக்கே தெரியாத உருவமாக நீண்டு கிடக்கும், அதன் ஓரத்தில் இரண்டு கோடு சேர்த்தால் போதும்.

அறிகுறி 5: ஒரு கோட்டை இழுப்பதும் நீக்குவதுமாகவே நேரம் போகிறது

இழுத்த கோட்டை உடனே நீக்கிவிடும் அன்டூ வசதி வேலைக்குப் பெரிய கொடை, விளையாட்டுக்கு மெல்லக் கொல்லும் பகை. ஒவ்வொரு கோட்டையும் இழுத்தவுடன் நீக்க முடியும் என்பதால், ஒவ்வொரு கோடும் தேர்வு எழுதுகிறது. மேலே சொன்ன கறையும் விபத்தும் விதியும் பலன் தர வேண்டுமானால் தவறு பக்கத்தில் தங்கியிருக்க வேண்டும். தவறான கோட்டைச் சமாளிக்க இழுக்கும் அடுத்த கோட்டில்தான் எதிர்பாராத எண்ணம் பிறக்கிறது.

நீங்கள் எத்தனை முறை நீக்குகிறீர்கள் என்பதைப் பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். இழுத்தவற்றில் பாதிக்கு மேல் நீக்கியிருந்தால் நோய் உறுதி. ஸ்டைலஸ் என்னும் வரைபேனாவின் பக்கப் பொத்தானுக்கு அன்டூவை ஒதுக்கியிருந்தால் அங்கிருந்து அதை எடுத்துவிட்டு, கேன்வாஸைச் சுழற்றும் கட்டளையை வையுங்கள். தவறியதும் விரல் தானாக அழுத்தும். கோடு மறையாமல் படம் சற்றுத் திரும்பும். திரும்பிய கோணத்தில் அந்தக் கோடு வேறொன்றாகத் தெரிய வாய்ப்பு உண்டு. இரண்டு விரலால் தொட்டால் நீக்கும் செயலிகளில், அமைப்புகளுக்குள் அந்த வசதியை அணைக்க முடியுமா என்று பாருங்கள். ஒரே லேயர் என்று விதி வைப்பதும் உதவும்.

இவை எதுவும் பிடிபடவில்லை என்றால், ஒரு வாரம் பந்துமுனைப் பேனாவால் தாளில் மட்டும் வரையுங்கள். அழிக்க முடியாத கருவிக்கு ஈடான ஆசிரியர் இதில் இல்லை. எனக்கு இந்தப் பழக்கம் நீங்கியது அப்படித்தான். மூன்றாம் நாளுக்குப் பிறகு தவறிய கோடுகளை மயிராகவும் சுருக்கமாகவும் சிறகாகவும் மாற்றக் கை தானே வழி தேடத் தொடங்கியது.

அறிகுறி 6: தாளில் வரும் துள்ளல் திரையில் வரவில்லை

இது பெரும்பாலும் கருவியின் அமைப்புக் கோளாறு, மனத்தின் குறையாகத் தவறாக எண்ணப்படுகிறது. முதலில் வட்டச் சோதனை: கணினியோடு இணைத்து வரையும், தனக்கெனத் திரையில்லாத டேப்லெட்டானால், வட்டமான மூடி ஒன்றை அதன்மேல் வைத்து, ஓரத்தைச் சுற்றி ஸ்டைலஸை ஓட்டுங்கள். திரையில் நீள்வட்டம் வந்தால், டேப்லெட்டின் செயற்பரப்பும் திரையும் ஒரே விகிதத்தில் இல்லை. 16:10 விகிதப் பரப்பை 16:9 திரையோடு அப்படியே பொருத்தினால் இது நேரும். டிரைவரின் (டேப்லெட்டை இயக்கும் மென்பொருளின்) அமைப்புகளில் விகிதத்தை நிலைநிறுத்தும் தேர்வை இயக்குங்கள், பரப்பில் சிறிது வீணாகும், ஆனால் கை நினைத்ததைத் திரை காட்டும்.

அடுத்தது அழுத்தம். தடித்த கோட்டுக்காக விரல் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால், எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடித்த கோடு என்பதை முடிவுசெய்யும் அழுத்த வளைவை மென்மையாக்குங்கள். தொட்டவுடனேயே தடித்த கோடு விழுந்தால் அதைக் கடினமாக்குங்கள். கண்ணாடி வழுக்குவது தொந்தரவாக இருந்தால் சொரசொரப்பான பாதுகாப்புத் தாளை ஒட்டலாம், அது நுனியைச் சற்று விரைவாகத் தேய்க்கும்.

மூன்றாவது கேன்வாஸின் அளவு. அச்சிடத் தகுந்த ஏ4 பக்கம் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 2480×3508 பிக்சல்கள். விளையாட்டுக்கு அது வேண்டியதில்லை. ஆயிரம் பிக்சல் அகலச் சதுரத்தில், ஒரே பிரஷ்ஷில், இரண்டே நிறங்களில் வரையும்போது, பெரிதாக்கிப் பார்த்து இமைமயிரை எண்ணும் ஆசை எழாது.

அறிகுறி 7: கிறுக்கல் உயிரோடிருக்கிறது, தெளிகோடு செத்துவிட்டது

தெளிகோடு என்னும் இறுதிக் கோட்டுக்காகக் கிறுக்கலின் மேல் புது லேயர் வைத்து அதே கோடுகளை மெதுவாகத் தடம்பிடிப்பதே காரணம். வேகமாக வீசிய கோட்டில் இருந்த முடிவு, நிதானமாகத் தடவும் கோட்டில் இருக்காது. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசரைக் குறையுங்கள், கேன்வாஸ் முழுவதும் தெரியும் அளவிலேயே வைத்திருங்கள், கிறுக்கலை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அந்த லேயரை மறைத்து, நினைவிலிருந்து புதிதாக வரையுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, எது உயிரோடிருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கிறுக்கல்தான் நன்றாயிருக்கிறது என்றால் அதற்கு வண்ணம் தீட்டிவிடலாம், தெளிகோடு கட்டாயமில்லை.

அறிகுறி 8: பிறர் படங்களைப் பார்த்தபின் கை ஓடவில்லை

வரைவதற்கு முன் பார்க்காதீர்கள், வரைந்த பின் பாருங்கள். முன்னதாகப் பார்த்தே ஆக வேண்டுமானால் ஓவியங்களை விட்டுப் பொருள்களின் ஒளிப்படங்களைப் பாருங்கள்: பூச்சிகள், பூட்டுகள், பழைய இயந்திரங்கள். ஓவியத்தில் தேர்வுகளையெல்லாம் வேறொருவர் முடித்துவிட்டார். ஒளிப்படத்தில் அவை உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

அறிகுறி 9: தனியாக வரைவதே அலுத்துவிட்டது

1925-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸில், கனவையும் தற்செயலையும் கலைக்கு ஊற்றாகக் கொண்ட சர்ரியலிஸக் கவிஞர்களும் ஓவியர்களும் ஒரு மடிதாள் விளையாட்டை ஆடினார்கள். ஒருவர் தலையை வரைந்து, கழுத்தின் நுனி மட்டும் தெரியும்படி தாளை மடித்துக் கொடுக்க, அடுத்தவர் உடலையும் மூன்றாமவர் கால்களையும் முன்னதைப் பார்க்காமலே வரைவார்கள். விரித்தால் எவரும் எண்ணிப் பார்த்திராத உருவம் நிற்கும். திரையில் இதற்கு மடிப்புக்குப் பதில் லேயர்கள் போதும்: கேன்வாஸைக் கிடையாக மூன்றாகப் பிரித்து, உங்கள் பகுதியை வரைந்து, எல்லைக் கோட்டைத் தாண்டி இருபது பிக்சல் அளவுக்குக் கோடுகளை நீட்டி விட்டு, அந்த நுனிகள் மட்டும் தெரியும் பிரதியை அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

உடன் வரைய ஆள் கிடைக்காதபோது நானே மூவராக இருந்திருக்கிறேன். தலையை ஒரு நாள் வரைந்து மறைத்துவிட்டு, உடலை நான்கு நாள் கழித்து, காலை அடுத்த வாரம். அதற்குள் தலை எப்படி இருந்தது என்பது உண்மையாகவே மறந்துபோயிருக்கும். மறைத்த லேயர்களுக்குப் பெயர் வைக்காதீர்கள். "குதிரைத் தலை" என்று எழுதி வைத்தால் கால்கள் குளம்போடுதான் வரும்.